கஜலுக்குள் கிடார் நுழைந்த கதை

எழுபதுகளின் பிற்பகுதியில் பம்பாய்க்கு வேலை தேடி வந்து, மாதுங்காவில் நான்கு பேர் ஓர் அறையில் குடியிருந்து, பிறகு கல்யாணமானதும் சயான் கோலிவாடா பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்கள் நம் சங்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நானும் அந்தக் கோஷ்டிதான். கோலிவாடா என்றால் அந்நாளில் பாதி பஞ்சாப். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருந்தார். லயால்பூர்க்காரர். காலையில் உருதுப் பத்திரிகையை வலமிருந்து இடமாக வாசிப்பார். அவருடைய பிள்ளைக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவன் படித்ததெல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் புதிதாக ஓர் எல்.பி. ரிகார்ட் வாங்கி வந்தான். அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும். பெயர் 'தி அன்ஃபர்கெட்டபிள்ஸ்', அதாவது மறக்க முடியாதவை. உள்ளே இருந்தது உருதுக் கவிதை, மேலே இருந்தது இங்கிலீஷ் தலைப்பு. அது எனக்கு அப்போதே விசித்திரமாகப் பட்டது. பாடியவர்கள் ஜகஜீத் சிங், சித்ரா சிங் தம்பதி. எச்.எம்.வி. அதை வெளியிட்டது 1976-இல். அந்த ரிகார்ட் ஓடும் போதெல்லாம் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். பிள்ளையோ ஊசியை எடுத்து எடுத்து அதே பாட்டின் தொடக்கத்தில் வைப்பான். சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, பாதி ஹிந்தி மட்டுமே தெரிந்த நான், வார்த்தைகள் புரிகின்றனவே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த இந்தச் சண்டைதான் அந்த இசைத்தட்டின் சரித்திரம் முழுவதும் என்று பின்னால் எனக்குத் தெரிய வந்தது.

கஜல் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது முதலில் கவிதை, பிறகுதான் பாட்டு. இரண்டிரண்டு அடிகளாக வரும். ஒவ்வோர் இரண்டடிக்கும் ஷேர் என்று பெயர். நம் குறள் போல ஒவ்வொரு ஷேரும் தனித்து நிற்கும்; முந்தையதற்கும் பிந்தையதற்கும் பொருள் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றைக் கட்டிப்போடுவது சந்தமும் முடிவும்தான். ஒவ்வொரு ஷேரும் ஒரே சொல்லில் அல்லது சொற்றொடரில் முடியும். அதற்கு ரதீஃப் என்று பெயர். நம் யாப்பில் இயைபுத் தொடை என்கிறோமே, கிட்டத்தட்ட அது. அதற்கு முன்னால் வரும் சொற்கள் ஒரே ஓசையில் அமையும், அது காஃபியா. முதல் ஷேரில் இரண்டு அடிகளிலுமே இவை வந்துவிடுவதால், கேட்பவனுக்கு வாய்பாடு பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் அடியையும் அவன் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பான். பாடகர் முதல் அடியைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, இரண்டாம் அடியைத் தாமதப்படுத்தி, கடைசியில் காஃபியாவைப் போட்டு உடைக்கும்போதுதான் சபையில் 'வாஹ் வாஹ்' கிளம்பும்.

இந்தத் தாமதப்படுத்தும் வித்தையில் ஈடு இணை இல்லாதவர் பேகம் அக்தர். 1914-இல் ஃபைஸாபாத்தில் பிறந்தவர். முன்னால் ஹார்மோனியம், பக்கத்தில் தபலாவும் சாரங்கியும், அவ்வளவுதான். ஒரே அடியை எடுத்துக்கொண்டு, வார்த்தைகளை மாற்றாமல், ஒவ்வொரு தடவையும் வேறு பாவத்தில் சொல்லுவார். நமக்குப் பழக்கமான பாஷையில் சொன்னால் நிரவல் மாதிரி. ஆனால் நிரவலில் ராகம் எஜமானன். அங்கே வார்த்தை எஜமானன். எல்லையைத் தாண்டிப் பாகிஸ்தானில் மெஹ்தி ஹஸன் வேறொரு காரியம் செய்தார். கஜலுக்குள் ராகத்தை முழு உருவத்தோடு கொண்டுவந்து உட்கார வைத்தார். அவருடைய பூர்வீகம் ராஜஸ்தானத்தில் ஜுன்ஜுனு ஜில்லாவைச் சேர்ந்த லூனா கிராமம். பிரிவினையில் அந்தப் பக்கம் போய், சைக்கிள் கடையிலும் மோட்டார் பட்டறையிலும் வேலை பார்த்துக்கொண்டே சாதகத்தை விடாமல் வைத்திருந்தவர்.

பேகம் அக்தர் 1974 அக்டோபர் 30-ஆம் தேதி ஆமதாபாத்தில் காலமானார். கச்சேரிக்காகப் போன இடத்தில். இந்தியாவில் கஜலின் கதை முடிந்தது என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை. மெஹ்ஃபில் என்று சொல்லப்படும் அறைக் கச்சேரிகளுக்குப் பணம் கொடுத்து வந்த நவாபுகளும் ஜமீன்தார்களும் போய்விட்டார்கள். உருது எழுத்தை வாசிக்கத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. சினிமா பாட்டு ஒன்றே மார்க்கெட் என்று கம்பெனிகள் இருந்தன.

இந்த இடத்தில்தான் ஜகஜீத் சிங் வருகிறார். அவரும் ராஜஸ்தானத்துக்காரர்தான், ஆனால் வடக்குக் கோடியில் ஸ்ரீகங்காநகர். 1941 பிப்ரவரி 8-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். பையனுக்கு முதலில் பண்டிட் சகன்லால் சர்மாவிடமும், பிறகு சேனியா பரம்பரையைச் சேர்ந்த உஸ்தாத் ஜமால் கானிடமும் சங்கீத சிட்சை. கயால், தும்ரி, த்ருபத் எல்லாம் பாடம். ஜலந்தர் டி.ஏ.வி. கல்லூரியில் படித்துக்கொண்டே அங்குள்ள வானொலி நிலையத்தில் பாடினார். 1965-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் என்ன நடக்குமோ அதுதான் அவருக்கும் நடந்தது. சினிமாவில் இடம் கிடைக்கவில்லை. விளம்பரப் பாட்டு, கல்யாண வீட்டுப் பாட்டு, பார்ட்டிப் பாட்டு. எச்.எம்.வி. ஒரு சின்ன ரிகார்டுக்கு வாய்ப்புத் தந்தபோது, அட்டைப் படத்துக்காகத் தலைப்பாகையை எடுத்து, முடியையும் தாடியையும் களைந்தார். சீக்கியக் குடும்பத்தில் அது சின்ன விஷயமில்லை. வீட்டில் எத்தனை வருத்தம் இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? சிகையை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்ட தாத்தாக்களின் கதை நம் வீடுகளிலும் இருக்கிறதே.

சித்ரா வங்காளப் பெண்மணி. 1967-இல் ஒரு விளம்பரப் பாட்டுக்காக இருவரும் ஸ்டூடியோவில் சந்தித்தார்கள். இவருடைய குரல் ரொம்பக் கனம், என் குரலோடு சேராது என்று சித்ரா முதலில் மறுத்துவிட்டாராம். 1969-இல் கல்யாணம். பிறகு ஏழு வருஷம் மேடை மேடையாகச் சேர்ந்து பாடி, 1976-இல் அந்த எல்.பி. வந்தது.

அதில் அப்படி என்ன புதுமை? இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். கஜலுக்குக் கிடாரும் வயலினும் வைத்ததே அவர்தான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. சினிமாவில் மதன் மோகன் போன்றவர்கள் கஜல் பாட்டுகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்து நெடுநாளாயிற்று. தலத் மஹ்மூத் பாடியவை இன்றும் காதில் நிற்கின்றன. ஆனால் அவை சினிமா பாட்டுகள். மூன்று நான்கு நிமிஷத்தில் முடிந்து, கதாநாயகன் முகத்தோடு சேர்ந்துவிடுபவை. கஜல் கச்சேரி என்று வந்துவிட்டால் ஹார்மோனியம், தபலா, சாரங்கி. அந்த எல்லைக்கோட்டைத்தான் இந்த இசைத்தட்டு அழித்தது. சினிமாவுக்கு வெளியே, ஒரு முழு எல்.பி. நிறைய, கிடாரும் வயலினும் பின்னால் ஒலிக்க, அதையும் கச்சேரிப் பாட்டு என்ற கௌரவத்தோடு கொடுத்தார்கள்.

கிடார் என்றால் வெறும் வாத்தியம் கூடியது என்று நினைக்க வேண்டாம். சாரங்கி பாடகரின் நிழல். அவர் போகிற வழியில் ஒரு மாத்திரை பின்னால் வரும். அவர் திடீரென்று வேறு ஸ்தாயிக்குப் போனாலும் கூடவே போகும். கிடார் அப்படிச் செய்யாது. அது பல ஸ்வரங்களைச் சேர்த்துக் கார்டாக ஒலிக்கும். இந்த இடத்தில் இந்தக் கார்ட், அடுத்த ஆவர்த்தத்தில் அந்தக் கார்ட் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால்தான் ஓடும். ஆகவே பாடகரின் சுதந்திரம் தானாகவே சுருங்கும். ஷேர்களுக்கு நடுவே வரும் இசையும் முன்பே எழுதப்பட்டதாகிவிடும். பேகம் அக்தர் ஒரே அடியில் சஞ்சாரம் செய்த வீட்டில், அளந்து கட்டின அறைகள் வந்துவிட்டன. லயால்பூர்ப் பெரியவர் முகம் சுளித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் ஊகிக்கிறேன். அவர் இதையெல்லாம் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. 'இவன் பாடவில்லை, வாசித்துக் காட்டுகிறான்' என்று மட்டும் சொல்வார்.

அவர் குறையாகச் சொன்னதே அந்தப் பாணியின் பலமும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜகஜீத் சிங் மந்த்ர ஸ்தாயியில் தாழ்வாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்படி பாடினார். பிருகா கொட்டவில்லை. மெஹ்தி ஹஸன் பாடினால் முதலில் ராகம் தெரியும், பிறகு வார்த்தை தெரியும். இவர் பாடினால் வார்த்தை முதலில் வந்து உட்காரும். உஸ்தாதிடம் த்ருபத் வரை கற்றவருக்குப் பாடத் தெரியாமலில்லை. மேடையில் எப்போதாவது ஆலாபனை என்று எடுத்தால் அது தெரிந்துவிடும். தெரிந்ததை அடக்கி வைத்துக்கொண்டு பாடுவது நம் வித்வான்களிலும் எல்லோருக்கும் கைவராது.

பாடக் கவிதையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. அந்தத் தட்டில் 'ஆஹிஸ்தா ஆஹிஸ்தா' என்ற ரதீஃபில் முடியும் கஜல் ஒன்று இருக்கிறது. 'மெல்ல மெல்ல' என்று அர்த்தம். எழுதியவர் அமீர் மீனாயி. 1829-இல் லக்னோவில் பிறந்து, ராம்பூர் நவாப் தர்பாரில் இருந்து, 1900-இல் ஹைதராபாத்தில் காலமான பெரிய கவி. எளிமையான சொற்களில் பழைய கவிதை. ரதீஃபே மெல்ல மெல்ல என்று இருப்பதால், பாரசீகம் தெரியாதவனுக்கும் நாலாவது ஷேருக்குள் விளையாட்டு பிடிபட்டுவிடும். காஃபியா எல்லாம் 'ஆப்' என்ற ஓசையில் முடியும் சொற்கள். எனக்குக் கஜல் இலக்கணம் தெரிய வந்ததே இந்த ஒரு பாட்டினால்தான்.

அதே தட்டில் ஊரெல்லாம் பிரபலமான இன்னொரு பாட்டு 'பாத் நிக்லேகி'. கஃபீல் ஆஸர் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அது கஜலே இல்லை. நஜ்ம் என்ற வகை. அதாவது முதலிலிருந்து கடைசி வரை ஒரே விஷயத்தைத் தொடர்ந்து சொல்லும் கவிதை. பேச்சு ஒன்று கிளம்பினால் எங்கெங்கோ போய்விடும், ஜனங்கள் உன் முகத்தைப் பார்த்தே கேள்வி கேட்பார்கள், என் பெயரை எடுக்காதே என்று பழைய காதலியிடம் ஒருவன் சொல்லுவது. கஜலை மீட்டுக் கொடுத்தது என்று கொண்டாடப்படும் இசைத்தட்டின் மிகப் பிரபலமான பாட்டு கஜல் இல்லை என்பதைப் பண்டிதர்கள் அடிக்கடி சுட்டிக் காட்டுவார்கள். வாங்கினவர்களில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? பிள்ளைக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. பெரியவர்தான் ஒரு நாள் படியில் நிற்க வைத்துச் சொன்னார்.

இன்னொரு விஷயம், ஜோடியாகப் பாடியது. கஜல் ஒரே குரலின் புலம்பல். காதலிக்கு எதிரே நின்று ஒருவர் சொல்லுவது. அதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு ஷேர் அவர், ஒரு ஷேர் இவர் என்று பாடினால் அர்த்தம் கொஞ்சம் மாறிவிடுகிறது. சொன்னதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. பழைய ரஸிகர்களுக்கு இது உறுத்தியிருக்கலாம். ஆனால் வரவேற்பறையில் ரிகார்ட் பிளேயர் வாங்கி வைத்திருந்த புருஷன் பெண்டாட்டிகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதுவரை கஜல் என்றால் தவாயிஃப் வீடும் மதுக் கோப்பையும் ஞாபகம் வரும் என்று முகம் திருப்பிய குடும்பங்கள், அட்டையில் ஒரு தம்பதியின் படத்தைப் பார்த்துச் சமாதானமானார்கள். நம் சபாக்களில் தேவதாசிகளின் பதங்களும் ஜாவளிகளும் 'குடும்ப ஸ்திரீ' பாடிய பிறகுதான் மரியாதைப்பட்டன. அந்தக் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாம் பெருமைப்படவும் அதில் அதிகம் இல்லை.

பின்னால் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1979-இல் 'கம் அலைவ்' என்ற மேடைக் கச்சேரிப் பதிவு வந்தது. 1981-இல் 'பிரேம் கீத்', 1982-இல் 'அர்த்' என்று எந்தச் சினிமா கதவைத் திறக்கவில்லையோ அதே சினிமா வீடு தேடி வந்தது. அதற்குள் காஸெட் வந்துவிட்டது. எல்.பி. வாங்க முடியாதவனும் காஸெட் வாங்கலாம், லாரியிலும் கேட்கலாம். பங்கஜ் உதாஸ், தலத் அஜீஸ் என்று ஒரு படையே கிளம்பியது. இந்தப் படையில் எல்லோருமே கவிதைக்கு நியாயம் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சாராயக் கடையையும் கோப்பையையும் தவிர வேறு பேச்சே இல்லாத காஸெட்டுகள் எண்பதுகளில் கொட்டின. ஜகஜீத் சிங் திறந்த கதவு வழியாகத்தான் அவையும் வந்தன என்று விமர்சகர்கள் சொன்னதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மனிதர் 1988-இல் தூர்தர்ஷனில் குல்ஜாரின் 'மிர்ஜா காலிப்' தொடருக்கு இசையமைத்துப் பாடினார். நஸீருதீன் ஷா காலிபாக நடித்தது. காலிபின் கடினமான உருது, ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நம் வீட்டு மாமிகளின் வாயிலும் முணுமுணுப்பாக வந்தது. பன்னிரண்டு வருஷம் முன்னால் எளிய சொற்களைக் கொடுத்துக் காதைப் பழக்கியிராவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். புதுக் கருவிகளில் அவருக்கு இருந்த ஆசையும் குறையவில்லை. 1987-இல் வந்த 'பியாண்ட் டைம்' இந்தியக் கலைஞர் ஒருவரின் முதல் டிஜிட்டல் பதிவு என்று சொல்லப்படுகிறது.

1990 ஜூலையில் அவர்களுடைய ஒரே பிள்ளை விவேக் பம்பாயில் கார் விபத்தில் இறந்துபோனான். இளம் வயதுப் பையன். அதன் பிறகு சித்ரா மேடையேறிப் பாடுவதை நிறுத்திவிட்டார். அட்டையில் இருந்த இரண்டு குரல்களில் ஒன்று அத்தோடு அடங்கியது. ஜகஜீத் சிங் சில மாதங்களில் திரும்பி வந்தார். 1991-இல் லதா மங்கேஷ்கரோடு 'ஸஜ்தா' பாடினார். அதற்குப் பிற்பாடு வந்த பதிவுகளில் குரல் இன்னும் தாழ்ந்து, இன்னும் நிதானமாகிவிட்டதை யாரும் கவனிக்கலாம். வாஜ்பாயி அவர்களின் கவிதைகளைப் பாடினார், பஜனை பாடினார், குர்பானி பாடினார். 2003-இல் பத்மபூஷண். 2011 செப்டம்பர் 23-ஆம் தேதி பம்பாயில் குலாம் அலியோடு சேர்ந்து பாட வேண்டிய நாளில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, அக்டோபர் 10-ஆம் தேதி காலமானார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தொண்ணூறுகளின் நடுவே போய்விட்டார். கடைசி வரை அந்த ரிகார்டை அவர் மன்னிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளை தட்டைப் போட்டால், பால்கனியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அமீர் மீனாயியின் கஜல் முடிந்ததும், தட்டில் பாடாமல் விட்டுவிட்ட ஷேர்களை அங்கிருந்தே உரக்கச் சொல்லுவார். பாடகர்கள் நீளமான கஜலில் நாலைந்து ஷேரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுவது வழக்கம்தான். பேகம் அக்தரும் விட்டிருக்கிறார். இருந்தாலும் இவர் விட்டதுதான் அவருக்குக் கணக்கு. பிள்ளை அவற்றைத் தேவநாகரியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டான். அப்பாவின் எழுத்து தெரியாத பிள்ளை, அப்பாவின் கவிதையை அப்படித்தான் சேர்த்துக்கொண்டான். சில வருஷங்களில் அந்த நோட்டு நிறைந்து இரண்டாவது வாங்கினான்.

2007 மே 10-ஆம் தேதி, 1857 எழுச்சியின் நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவு என்று பாராளுமன்றத்தின் மைய மண்டபத்தில் விழா நடந்தது. ஜனாதிபதி அப்துல் கலாம் உட்பட எல்லாத் தலைவர்களும் அமர்ந்திருக்க, ரங்கூனில் சிறைப்பட்டுச் செத்த பகதூர் ஷா ஜஃபரின் கஜலை ஜகஜீத் சிங் பாடினார். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நான் கோலிவாடாவுக்கு, அந்தப் பிள்ளைக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அப்போது தலை நரைத்துவிட்டது. பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'பிதாஜி இருந்திருந்தால் எத்தனை ஷேர் விட்டுப்போயிற்று என்று எண்ணியிருப்பார், மாமா' என்றான்.